இலை முதல் பாலிதீன் வரை: பொதியின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்களின் போர்களையும், கோயில்களின் கோபுரங்களையும், புலவர்களின் நூல்களையும் எடுத்துக்காட்டுவர். அந்நாட்டில் அரிசி எதில் கட்டப்பட்டு ஊர்விட்டு ஊர் சென்றது, எண்ணெய் எதில் அடைக்கப்பட்டு வீடு வந்து சேர்ந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. சரக்கை நினைவில் வைக்கும் உலகம், அதனைச் சுமந்துவந்த பொதியை மறந்துவிடுகிறது. ஆனால் ரயில்வே சரக்குக் கூடத்தில் காலங்கழிக்கும் எம் போன்றோர்க்குப் பொதியே முதலில் கண்ணிற்படும். சரக்கு அதனுள்ளே மறைந்து கிடக்கும். ஆதலின் பொதியின் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்து, இவ்வாண்டு விழா மலரின் வாயிலாக நம் குடியிருப்பு அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பண்டைப் பொதிகள்

பொதியும் அதற்குரிய முறையும் தமிழர்க்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடியில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளின்மேல் சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று பார்சல் அலுவலகத்தில் ஒவ்வொரு சிப்பத்தின்மீதும் புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் குறிக்கப்படுகின்றன அல்லவா? அவ்வழக்கத்திற்கு ஈராயிரம் ஆண்டு மூத்த உறவு இது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது கொண்டுவந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மதுவும் போயிற்று, பருகினவர்களும் போயினர். சாடியின் ஓடு மட்டும் எஞ்சியது. சரக்கினும் பொதி நெடுங்காலம் வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வோடு சுட்ட மண்ணே. மண்ணில் கிடந்து எவருக்கும் தீங்கு செய்யவில்லை.

பொதிகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. பொட்டலம், மூட்டை, சிப்பம், கோணி, கடகம், குடலை, தொன்னை, பட்டை, ஓலைப்பெட்டி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு பண்டத்திற்கும் பணிக்கும் உரியது. பதநீர் பருகப் பனையோலைப் பட்டை, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, கோயில் பிரசாதத்திற்குத் தொன்னை, வெற்றிலைக்கு வாழைமட்டை, விருந்துண்ண மந்தாரை இலை தைத்த தட்டு. இவ்விலைத்தட்டையே ஆந்திரத்தார் விஸ்தரி என்பர். இத்தேர்வுகள் வெறும் வழக்கத்தால் அமைந்தன அல்ல. வாழைமட்டை தன்னுள் நீரைத் தேக்கி வைத்திருத்தலால் அதனுள் வைத்த வெற்றிலை விரைவில் வாடுவதில்லை. ஓலைப் பின்னல் காற்றுக்கு வழிவிடுவதால் உள்ளிருக்கும் பண்டம் புழுங்குவதில்லை. இன்ன பண்டத்திற்கு இன்ன பொதி என்று இக்காலத்தில் கல்லூரியிற் பயிலும் கலையை, நம் ஊர்ப் பாட்டியரின் கை அறிந்திருந்தது.

இப்பொதிகளை உற்று நோக்கின் இரண்டு நெறிகள் புலனாகும். ஒருவகைப் பொதி, தன் பணி முடிந்ததும் மண்ணோடு மண்ணாய் மறையும். இலையும் ஓலையும் மட்டையும் அத்தகையன. மற்றொரு வகை, பணி முடிந்ததும் திரும்பிவந்து மீண்டும் உழைக்கும். கோணியும் பீப்பாயும் கண்ணாடிப் புட்டியும் அத்தகையன. மறைதல், மீளுதல் என்னும் இவ்விரண்டே நெடுங்காலம் உலகெங்கும் பொதியின் அறமாக விளங்கின.

மேலைநாட்டுப் பொருள்கள் வந்த காலத்தும் நம் மக்கள் இவ்வறத்தைக் கைவிடவில்லை. மண்ணெண்ணெய் கொண்டுவந்த 4 காலன் தகர டின், எண்ணெய் தீர்ந்தபின் தண்ணீர் எடுக்கும் குடமாயிற்று. அரிசி வைக்கும் பாத்திரமாயிற்று. இறுதியில் பிளந்து தட்டப்பட்டுக் கூரைத் தகடாயிற்று. ஆங்கிலேயரான ஹிராம் காட் 1872இல் உரிமம் பெற்ற கோலிக்குண்டுப் புட்டி, நம் ஊர்ச் சோடாக் கடைகளில் நூற்றாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டது. ரயில்வேயின் கட்டணப் புத்தகத்திலும், காலியாகத் திரும்பும் கூடைகளுக்கும் பீப்பாய்களுக்கும் பெட்டிகளுக்கும் தனி இடம் இருந்தது. பொதி திரும்பிச் செல்லும் என்பதை இருப்புப்பாதையே ஏற்றுக்கொண்டிருந்தது.

கோணியின் ஏற்றம்

மீளும் பொதிகளுள் தலையாயது கோணி. ஆங்கிலேயர் சாக்குத் துணிக்கு இட்டு வழங்கிய 'கன்னி' என்னும் பெயரும் நம் 'கோணி'யும் ஒரு குடும்பத்துச் சொற்களே. தென்னாட்டில் முற்காலத்துக் கோணி சணப்பு நாரால் ஆனது. வங்கத்துச் சணல் உலகச் சந்தைக்குச் சென்ற கதை வேறு. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தார், திமிங்கில எண்ணெயிட்டுச் சணல் நாரை மென்மையாக்கி இயந்திரத்தில் நூற்க 1830களில் கற்றுக்கொண்டனர். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரினால் ருஷ்ய நாட்டு நார் வரத்துத் தடைப்படவே, சணலுக்கு மதிப்பு ஓங்கியது. அப்போரின் இடையே, 1855ஆம் ஆண்டில், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ரா என்னும் ஊரில் ஜார்ஜ் ஆக்லண்டு இந்தியாவின் முதற் சணல் நூற்பாலையை நிறுவினார். அவர் முன்னர் இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்தியவர். இவ்வூரின் பெயரை அன்பர்கள் நினைவிற்கொள்க. இக்கதையில் ரிஷ்ரா மீண்டும் வரும்.

முதல் உலகப் போரில் அகழிகளைக் காத்த மணல்மூட்டைகளுக்கெல்லாம் கோணி தந்து, ஹூக்ளிக் கரை ஆலைகள் செல்வத்தில் திளைத்தன. 1947இல் நாடு பிரிந்தபோது, ஆலைகள் இந்தியாவில் நின்றன. சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்க, பாகிஸ்தான் குறைக்க மறுக்க, சணல் வாணிகம் முட்டுப்பட்டது. ஆலைக்கு நார் இல்லை. நாருக்கு ஆலை இல்லை. அந்நாளில் இந்திய உழவர்கள் சணல் சாகுபடியைப் பெருக்கி அவ்விடரைத் தாண்டினர்.

நாம் வாழும் ஆந்திரத்திற்கும் இதில் பங்குண்டு. விசாகப்பட்டினத்தை அடுத்த பீமுனிப்பட்டினத் துறைமுகம் வழியே ஏற்றுமதியான நார், உலகச் சந்தையில் அவ்வூரின் பெயராலேயே 'பிம்லிச் சணல்' எனப்பட்டது. அது வங்கத்துச் சணலன்று. நாம் துவையலுக்கு அரைக்கும் கோங்கூராவின் இனத்தைச் சார்ந்த செடியின் தண்டுநார். கீரை குழம்புக்கும் தண்டு கோணிக்குமாக ஓர் இனமே பயன்பட்டதை எண்ண எண்ண வியப்பு மேலிடுகிறது.

சுமை தூக்குவோரைக் கேட்டால் கோணியின் அருமையை அவர் கூறுவர். இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்கினாலும், கொக்கியை எடுத்தவுடன் சணல் இழைகள் நெருங்கித் துளையை ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அடுக்கினால் வழுக்காது. உள்ளே நெல் மூச்சுவிடும். கிழிந்தால் ஊசியும் சணலும் போதும். இத்துணைக் குணங்களும் இருந்தும், கோணிக்குப் பகைவன் ஒருவன் பிறந்தான். அவனும் அதே ரிஷ்ராவிற்குக் குடிவந்தான்.

ரிஷ்ராவில் இரண்டாம் பிறப்பு

1933 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில், இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கிப்ஸன், பாசெட் என்னும் இருவர், எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி ஒரு சோதனை செய்தனர். எதிர்பார்த்தது கிட்டவில்லை. பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிது தங்கியிருந்தது. அதுவே பாலிதீன். இரண்டாம் உலகப் போரில் ராடார்க் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. போர் முடிந்தபின் வீட்டுப் பொருளாயிற்று.

இந்தியாவில் அப்பொருளை முதன்முதல் உற்பத்தி செய்த ஆலை, அதே நிறுவனத்தின் கிளையால் 1959இல் ரிஷ்ராவில் இயங்கத் தொடங்கியது. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே அதற்கு மூலப்பொருள். ஆக, 104 ஆண்டுகளுக்கு முன் கோணியைப் பெற்ற ஊரே கோணியின் போட்டியாளனையும் பெற்றது. வரலாறு சில வேளைகளில் ஊரை மாற்றாமலே காலத்தை மாற்றிவிடுகிறது.

புதியவனின் வலிமையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. 50 கிலோ தானியம் பிடிக்கும் சணற்சாக்கு ஒன்று 580 கிராம் எடையுள்ளது. அதே அளவுள்ள நெய்த பிளாஸ்டிக் சாக்கோ அதன் நான்கில் ஒரு பங்கும் தேறாது. விலையும் குறைவு. கோணியின் இழைச்சந்து வழியே சிமெண்டு சிந்தும். ஈரம் புகுந்தால் கட்டியாகும். உரத்திற்கும் அக்குறை உண்டு. ஆதலின் அவ்விரு சரக்குகளும் கோணியைக் கைவிட்டன. சணல் உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்க, உணவுதானியம் முதலியவற்றைச் சணற்பையிலேயே கட்டவேண்டும் என்னும் சட்டத்தை நாடாளுமன்றம் 1987இல் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. இன்றும் அரசின் நெல்லும் கோதுமையும் கோணியில் பயணம் செய்வது இச்சட்டத்தின் துணையாலேயே.

கைப்பையின் கதையும் அறியத்தக்கது. சுவீடன் நாட்டின் ஸ்டென் குஸ்டாவ் துலின் என்பவர் அமைத்த கைப்பிடியுள்ள பாலிதீன் பைக்கு 1965இல் அமெரிக்க உரிமம் கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வீழ்வதைத் தடுக்கவே தம் தந்தையார் அதனை ஆக்கினார் என்றும், அதை மடித்துப் பையிலிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என்றும் அவர் மைந்தர் பிற்காலத்தில் கூறியுள்ளார். அப்பை மீளும் பொதியாகவே பிறந்தது. நாம்தாம் அதனை வீசும் பொதியாக்கினோம். வீசிய அது மறையவும் இல்லை. இரு நெறியும் கெட்ட முதற்பொதி அதுவேயாகும்.

பசுவின் வயிறும் அரசின் சட்டமும்

அதன் விளைவை வாய்பேசா உயிர்களே முதலில் பட்டன. உணவின் மிச்சத்தைப் பாலிதீன் பையிற் கட்டித் தெருவில் எறிய, அதனை அவிழ்க்க அறியாத பசு பையோடு விழுங்கியது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் அப்பை செரியாமல், வெளியேறாமல் சேர்ந்துகொண்டேயிருக்கும். பசு தீனி உண்டும் பட்டினியால் இளைக்கும். நம் ஆந்திரத்தின் புட்டபர்த்தியில் விலங்குகளைப் பேணும் கருணா சங்கத்தார் 2012இல் இதனை உச்ச நீதிமன்றத்தின்முன் வழக்காக வைத்தனர்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1999இல் 20 மைக்ரானுக்கு மெல்லிய பைகள் தடுக்கப்பட்டன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு 2011இல் 40 ஆகவும், 2016இல் 50 ஆகவும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 ஆகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆகவும் உயர்ந்தது. தடிமனைக் கூட்டுவதால் யாது பயன் என வினவலாம். மெல்லிய பைக்குக் காயலான் கடையில் விலை இல்லை. ஆகவே பொறுக்குவார் இல்லை. தடித்த பையை வணிகர் இலவசமாகக் கொடுக்கத் தயங்குவார். வீசினாலும் எடைக்குப் போகும். பையை மீளும் நெறிக்குத் திருப்பும் முயற்சியே இது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் பொருள் பலவற்றைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் அழைத்தது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1இல் வந்தது.

எனினும் சட்டம் ஒன்றே போதாது என்பதற்கு எம் ரயில்வேயிலேயே சான்றுண்டு. 2004இல் ரயில்வே அமைச்சராயிருந்த லாலு பிரசாத், நிலையங்களில் தேநீரை மண்குவளையில் வழங்கப் பணித்தார். நோக்கம் நன்று, மண்ணில் மறையும் பொதி அது. ஆனால் நாள்தோறும் வேண்டிய எண்ணிக்கையில், தாங்கும் விலையில், உடையாமல் வந்துசேரக் குவளை வேண்டுமே! சில ஆண்டுகளில் காகிதமும் பிளாஸ்டிக்கும் திரும்பவும் இடம்பிடித்தன. 2020இல் அதே அறிவிப்பு மறுபடியும் செய்யப்பட்டது. குயவருக்குச் சக்கரமும் சூளையும் சந்தையும் அமைத்துத் தராமல் பயணிக்கு மட்டும் ஆணையிட்டால் மாற்றம் நிலையாது.

மாம்பழக் கூழ் கற்பிக்கும் பாடம்

இவ்வளவும் கேட்டபின், பழையவற்றுக்கே திரும்பினால் போதாதா என்று அன்பர்கள் கருதக்கூடும். அதற்கு விடை சித்தூர்ச் சீமையின் மாந்தோப்புகளில் இருக்கிறது.

நாம் கிளிமூக்கு என்றும் ஆந்திரத்தார் தோத்தாபுரி என்றும் கூறும் மா, ஓரிரு மாதங்களில் மொத்தமாகப் பழுத்துக் குவியும். கூடையில் வைக்கோலிட்டு அனுப்பும் பழம் சில நாட்களே தாங்கும். அன்றைய விலைக்கு விற்காவிடில் உழவரின் ஓராண்டு உழைப்பும் அழுகும். இதற்குத் தீர்வு தந்தது பொதிக் கலையே. பிரெஞ்சு நாட்டின் நிக்கோலா அப்பேர், உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரிலிட்டுக் காக்கும் முறைக்காக 1810இல் அரசினிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அவ்வழியில் வந்த தகர டப்பாவில், 3.1 கிலோ அளவாக, மாங்கூழ் அடைக்கப்பட்டது. பின்னர் வந்தது கிருமியற்ற பை. கூழைத் தனியே சூடாக்கிக் குளிர்வித்து, முன்னரே கிருமி நீக்கிய பல அடுக்குப் பையில், வெளிக்காற்றுப் படாமல் நிரப்பி, உருளைப் பீப்பாயில் வைத்து மூடுவர். குளிர்ப்பெட்டியின்றியே அது ஓராண்டுக்கு மேல் கெடாது. கடல் கடந்தும் செல்லும். இம்முறையை வளர்த்த பர்டூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிலிப் நெல்சன் 2007ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

அப்பையின் ஓரடுக்கு ஈரத்தைத் தடுக்கும். ஓரடுக்கு காற்றையும் ஒளியையும் தடுக்கும். ஓரடுக்கு வலிமை தரும். அடுக்குகள் பிரியாமையே அதன் சிறப்பு. அதுவே அதன் குறையும். பிரியாததனால் உருக்கி மறுபடி வார்த்தல் எளிதன்று. மறையவும் மாட்டாது, மீளவும் மாட்டாது. ஆனால் அது இல்லையேல் பழம் அழுகும். அழுகிய பழத்தோடு அதற்கிட்ட நீரும் எருவும் உழைப்பும் வீணாகும். பிளாஸ்டிக் அனைத்தையும் ஒரே கோலால் அளத்தல் தகாது என்பதற்கு இது சான்று. ஓராண்டு உணவைக் காக்கும் பையும், கடையிலிருந்து வீடு வரை இரண்டு வாழைப்பழம் சுமக்கும் பையும் ஒன்றாகா.

நம் வாயிலில் நிகழ்வன

வரதய்யபாளையம், சத்தியவேடு வட்டாரத்தில் 2008இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் நாம் அறிந்ததே. அங்குச் சாக்கலேட்டும் குளிர்பானமும் உருவாகின்றன. அவற்றோடு, பானம் அடைக்கும் அலுமினியக் குவளைகளைச் செய்யும் பால் நிறுவனத்தின் ஆலையும் உள்ளது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்க்க, கனிமத்திலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடே வேண்டும். எடைக்கு நல்ல விலை கிட்டுவதால் அக்குவளை தெருவில் நெடுநேரம் கிடப்பதில்லை. இது மீளும் நெறி.

மறையும் நெறிக்குச் சான்று திருமலையில் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டுவை அன்பர்கள் நெடுநாள் பாலிதீன் பையிலேயே வாங்கிச் சென்றனர். 2021 ஆகஸ்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் ஆய்வுக்கூட முயற்சியால் அமைந்த, மக்காச்சோள மாவுப்பொருளை அடிப்படையாகக் கொண்ட பை அங்கு விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 90 நாளில் மக்கும் என்றும், கால்நடை உண்டாலும் தீங்கில்லை என்றும் அதனை ஆக்கினோர் அறிவித்தனர். 2022 ஜூன் 1 முதல் திருமலையில் பிளாஸ்டிக்குக்கு முழுத்தடை வந்தது. ஏவுகணைக்குரிய பொருள்களை ஆராயும் கூடம், நம் பாட்டியின் தொன்னை செய்த வேலையைச் செய்ய ஒரு பையைத் தேடியது எத்துணை நீண்ட சுற்றுவழி! எனினும் அத்தகைய பையும் ஈரமும் சூடும் நுண்ணுயிரும் உள்ள எருக்குழியிலேதான் நன்கு மக்கும். உலர்ந்த சாக்கடையில் எறிந்தால் அதன்மீது பழிசொல்லிப் பயனில்லை.

முடிவாக

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் ஒரு விதியுண்டு. குறையுள்ள பொதியாகச் சரக்கை ஒப்படைத்து, அக்குறை ஒப்படைப்புச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், அதனால் நேரும் சேதத்திற்கு ரயில்வே பொறுப்பாகாது. ரயில்வேயின் கவனக்குறைவை மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு கிட்டாது. பொதியின் குறைக்குப் பொதிந்தவரே பொறுப்பு என்பது இதன் கருத்து. இதுகாறும் அப்பொறுப்பு சரக்குச் சேரும் நிலையத்தோடு முடிந்தது. சரக்கை எடுத்தபின் பொதி எங்கே போகும் என்னும் கேள்விக்கும் பொதிந்தவரே விடைகூற வேண்டும் என்று, 2016 முதல் வந்த பிளாஸ்டிக் விதிகள் உற்பத்தியாளரை நோக்கிக் கூறுகின்றன. அவ்விதி முழுதும் நடைமுறையாகும் நாள் வரை, பாதிப் பொறுப்பு வாங்குவோராகிய நம் தோள்மேல் இருக்கிறது.

ஆகவே கடையில் ஒரு பொதி கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்போமாக. இது மறையுமா? மறையாதெனில், மீளுமா? இரண்டும் இல்லையெனில், உள்ளிருக்கும் பண்டத்திற்கு இது இன்றியமையாததா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால், அதை மறுத்து நம் துணிப்பையை நீட்டுவோம். நம் சங்க விழாவின் பந்தியிலும் வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் இருக்கட்டும். தாம்பூலத்தைத் துணிப்பையில் வழங்குவோம். அந்த இலையைத் தைக்கும் கையும் பையைத் தைக்கும் கையும் நம் வட்டாரத்துப் பெண்டிரின் கைகளாயின், பொதியோடு அவர்தம் அடுப்பும் எரியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!